குழி தாண்டாத படையல்

ஒருவருக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்பது அவர் செத்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எங்கள் இண்டூரில் காரியத்தன்று அதையெல்லாம் போட்டோவுக்கு முன் படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட உட்காரலாம். (உயிரோடு இருந்தபோது இன்னொரு துண்டு கறி கேட்டால் முறைத்த அதே குடும்பம்தான்.)

என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டான். காரியத்தன்று இலையில் களி, கறிக்குழம்பு எல்லாம் வைத்தாயிற்று. அண்ணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அவருக்கு அந்த வீடியோ கேமுதானுங்க மாமா உசுரு," என்றார் எங்கள் தாய்மாமாவிடம்.

டிவியில் செருகி ஆடுகிற பழைய பெட்டி அது; ஒரு பொம்மை ஓடி ஓடிக் குழிகளைத் தாண்டுகிற ஆட்டம். பரணிலிருந்து எடுத்துப் பார்த்தால் வயரையெல்லாம் எலி தின்றிருந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது?

"அதே ஆட்டம் போன்லயே இருக்குதுங்க அண்ணி. இப்பவே எறக்கிடறேன்."

இறக்கி, இலைக்குப் பக்கத்தில் பயபக்தியோடு வைத்தேன். கற்பூரம் ஏற்றுவதற்குள் திரை இருண்டது.

"அணைஞ்சு போனத படைக்கக் கூடாதுப்பா," என்றார் மாமா. "நீயே ஆடு. எரிஞ்சிக்கிட்டு இருக்கட்டும்."

"அந்த மொதக் குழிய மட்டும் தாண்டிடு தம்பி," என்றார் அண்ணி. "அதத் தாண்டாம அவரு சாப்பிட எந்திரிக்க மாட்டாரு."

அண்ணன் போனதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவே இல்லை. குழியைத் தாண்டினால் இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஊரே பார்க்க, போட்டோவுக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பழைய ரிமோட்டில் பட்டன் எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலுக்கே தெரியும். போனில் இருப்பது வெறும் கண்ணாடி. என் விரலோ நெய்யும் விபூதியுமாக இருந்தது. அழுத்தினால் வழுக்கியது. வழுக்காதபோது என் கட்டைவிரலே குழியை மறைத்தது. பொம்மை ஓடிப்போய் விழுந்தது. மறுபடி ஓடி, மறுபடி விழுந்தது.

நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. "அடுத்த அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!" என்று ஒரு பெண் கூவினாள். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

கடைசியாக விழுந்தபோது திரையில் பெரிதாக எழுத்து வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கேம் ஓவர்னு போட்டிருக்குது."

போட்டோவில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் போனை வேட்டியில் துடைத்தேன்.

"இந்தப் போனு சரியில்லீங்க அண்ணி," என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் எங்களிடம் இருந்தது ஒரே ரிமோட். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். நடக்கிற பட்டன் எனக்கு, தாவுகிற பட்டன் அண்ணனுக்கு. அத்தனை வருஷமும் ஒவ்வொரு குழியையும் அவன்தான் தாண்ட வைத்திருக்கிறான். நான் ஒரு தடவைகூடத் தாவியதில்லை.

"எனக்குத் தாவத் தெரியாதுங்க அண்ணி," என்றேன். "அது அவன் பட்டனு."

அண்ணி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே உடைந்து அழுதார். மாமாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலை முன் உட்கார வைத்தார். கொஞ்சம் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் பாட்டில் மூடி திறக்கவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், "அது அவரு பட்டனு" என்று யாராவது சொல்வார்கள். சொல்லிச் சிரிப்போம். அண்ணன்தான் தினமும் காலையில் தோட்டத்து மோட்டாரைப் போடுவான். இப்போது அண்ணி ஸ்டார்ட்டர் பெட்டி வரைக்கும் வருவார். அந்தப் பச்சைப் பட்டனைக் காட்டி அதையேதான் சொல்வார், சிரித்துக்கொண்டே. தொட மாட்டார். நான் போய் அழுத்தும்வரை தண்ணீர் வராது.