பெரியம்மா இல்லாத கல்யாண ஆல்பம்

தெரியாத வேலையை நான் பாதியில் விட்டதே கிடையாது. முழுசாகக் கெடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இரும்புலியூரில் எங்கள் வீட்டில் என் மனைவி சுதாவின் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போது திறந்திருக்கும். அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு டிவியோடு இணைத்தால் படம், பாட்டு எல்லாம் ஹாலிலேயே பார்க்கலாம், எல்லாமே இலவசம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். (அவருக்கென்ன, சுதாவா அவர் மனைவி?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் ஆரம்பித்தேன். நான் ஒன்றும் விவரமில்லாதவன் அல்ல. டி டிரைவில் இருந்ததையெல்லாம் முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். முக்கியமானதை யாரும் சி டிரைவில் வைக்க மாட்டார்கள் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. ‘டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா?’ என்று லேப்டாப் கேட்டது. தாராளமாக என்றேன்.

சுதா வரும்போது டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

“பரவால்லையே!” என்றாள். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மூன்றாவது பாராட்டு. அதை அனுபவிப்பதற்குள், “டெஸ்க்டாப்ல ஆல்பம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க, அதைத் திறங்க. நாளன்னிக்கு போட்டோகிராபருக்கு அனுப்பணும்” என்றாள்.

அவள் தம்பியின் கல்யாண ஆல்பம். மூவாயிரம் போட்டோவிலிருந்து இருநூறு எடுக்க, தினமும் அம்மாவிடம் போனில் பேசிப் பேசி, பெண் வீட்டார் இத்தனை, நம் வீட்டார் இத்தனை என்று ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள். கண்ணெதிரே இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தாள். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்.

“போட்டோ எல்லாம் அவர் குடுத்த பென்டிரைவ்ல இருக்கே?” என்றேன்.

“போட்டோ இருக்கு. நான் ஒரு மாசமா பொறுக்கினது இருக்கா?”

அவள் கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. அந்த வேகத்தில், “நானே பொறுக்கித் தரேன்” என்று வாயை விட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுதா ஆளைப் பார்த்து எடுத்திருந்தாள். நான் போட்டோவைப் பார்த்து எடுத்தேன். மங்கல், கோணல், கண் மூடியது, எல்லாம் அவுட். ஒரே நாளில் இருநூறு. (ஒரு மாத வேலையா இது என்று மனசுக்குள் நினைத்ததை இன்றுவரை வெளியில் சொன்னதில்லை.)

ஆல்பம் பிரமாதமாக வந்தது. எல்லோரும் பார்த்து முடித்த பிறகு சுதாவின் பெரியம்மா மட்டும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

“ஏன் மாப்ள, நான் கல்யாணத்துக்கு வந்தேனா?”

வந்தார். சீர்த்தட்டு எடுத்தார், மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிவிடுவார். மூவாயிரத்திலும் அவர் கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லை. அது தெரிந்தேதான் சுதா மூடிய கண்ணோடு ஏழு படம் எடுத்து வைத்திருந்தாளாம்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எடுத்த ஒரு படத்திலும் பெரியம்மா கண் மூடியதில்லை. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும், இமைக்காமல், என்னைப் பார்க்கிறார்.