சூறாவளிக்கு முந்திய லாந்தர்ஸ்

ஒரே பாட்டை ஒரே ஆட்கள் ஒரே மேடையில் இரண்டு வருடம் பாடினால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இந்தச் சின்ன உண்மையை அக்கரைப்பற்றில் என் மனைவி வீட்டாருக்கு விளங்கவைக்கப் போய்த்தான் என் மானம் கப்பலேறியது. ஏறியது ஏறட்டும். அதற்குப் பிறகாவது அவர்களுக்கு விளங்கியதா என்றால் இன்றுவரை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுபதுகளில் கொழும்பில் 'புளூ லாந்தர்ன்ஸ்' என்றொரு ரொக் இசைக்குழு இருந்தது. நாங்கள் காணும்போதே நான்கு பேருக்கும் நடுவயது தாண்டியிருந்தது. ட்ரம்ஸ் அடிப்பவருக்குத் தலையில் முடியில்லை. பாடுகிறவர் பெல்பொட்டம் காற்சட்டைக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு பாடுவார். வெள்ளாமை வெட்டி முடிந்து எங்கள் பக்கம் ஊரூராகக் கானிவல் நடக்கும் காலத்தில் அவர்கள் மட்டக்களப்பில் தொடங்கி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இறங்கி வருவார்கள். ஊரில் அவர்களுக்கு 'லாந்தர் செட்' என்று பெயர். (விளக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் என்று நினைத்து என் வாப்பா ஒருமுறை அவர்களைத் தேடிப் போனார்.)

வந்த வருடமெல்லாம் நான் அவர்களின் பின்னால் போனேன். மட்டக்களப்பில் பார்த்ததைக் கல்முனையிலும் பார்ப்பேன், கல்முனையில் பார்த்ததைச் சரிபார்க்க அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறுவேன். நான் கணக்கு வாத்தியார். சரிபார்க்காமல் எனக்கு நித்திரை வராது. எந்த ஊரில் எந்தப் பாட்டை வேகமாக அடித்தார்கள், எந்த வருடம் பாடுகிறவர் மேல்சுருதியைக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மைக்கை நீட்டினார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதைக் கேட்க பாடசாலையில் ஒரு ஆசிரியரும் தயாராக இல்லை.

எங்கள் கரையில் எல்லாவற்றையும் எழுபத்தெட்டில் அடித்த சூறாவளிக்கு முந்தியது, சூறாவளிக்குப் பிந்தியது என்றுதான் பிரிப்போம். லாந்தர்ஸையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். சூறாவளிக்குப் பிறகு வந்தவர்கள் ஓர்கன் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார்கள், கலர் விளக்குப் போட்டார்கள். கிட்டார் மெல்வின் கதிரையில் இருந்துகொண்டு வாசித்தார். முந்திய வருடம் கல்முனையில் அந்த மனிதன் நின்றார். கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு தந்தி இளகிவிட்டது. மெல்வின் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தந்தியை முறுக்கினார். மைதானம் முழுக்க அமைதி. பிறகு தனியாக வாசிக்கத் தொடங்கினார் பாருங்கள், அதைக் கேட்டவன் நான். அந்த ஒன்றுக்காகவே சூறாவளிக்கு முந்திய கல்முனை நிகழ்ச்சிக்கு நிகரில்லை என்று சந்தியில் நின்று சொல்வேன்.

அதற்கு என்னிடம் சாட்சியும் இருந்தது. என் கூட்டாளி காதர் அன்றைக்கு ரெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் பதிந்தான். சவூதிக்குப் போகும்போது கெசட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனான். என்னிடமிருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்னப் பெட்டி. அதில் மழை பெய்கிற மாதிரி இரைச்சலும் நடுவில் மெல்வினும் கேட்கும். எனக்கு அது போதும்.

இனிக் கலியாணக் கதைக்கு வருகிறேன், இரண்டும் ஒரே நாளில் தொடங்கியவை. அந்த நிகழ்ச்சி நடந்த அதே நாள் பகலில், அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நெல் வியாபாரி தன் மகளுக்கு என்னை மாப்பிள்ளை கேட்டு கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் கேட்டு வருவார்கள், மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். நான் அறைக்குள் இருந்து கதவிடுக்கால் பார்த்தேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் அடித்துக் கலந்து உம்மா அவித்து வைத்திருந்த வட்டிலப்பம் ஒரு சட்டி அவருக்கு முன்னால் இருந்தது. கானிவல் முடிந்து வந்து தின்ன என்று நான் மனதில் ஒதுக்கி வைத்திருந்த வட்டிலப்பம். அவர் போனபிறகு சட்டியைப் பார்த்தேன். கழுவக்கூடத் தேவையில்லை.

பேச்சு முற்றாவதற்குள் சூறாவளி வந்து இரண்டு வீட்டுக் கூரையையும் கொண்டுபோனது. கூரையெல்லாம் போட்டு முடித்து, காலம் கடந்து அதே மனிதர் அதே மகளுக்காகத் திரும்ப வந்தார். அதற்குள் அந்த மகள் பரீதா ஆசிரியையாகி ஒரு கருத்தரங்கில் என் கண்ணில் பட்டிருந்தாள். எனக்கு வட்டிலப்பம் மறந்துபோயிற்று. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

புது மாப்பிள்ளையின் நிலைமை வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாது. மரியாதைக்குக் குறைவில்லை. ஈரலும் முட்டையும் தட்டில் வந்து விழும். ஆனால் கதைக்க ஆளில்லை. மாமா என்னோடு நேரே கதைப்பதில்லை. எனக்கு ஏதாவது சொல்வதென்றால் என் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வார். மாமியை நான் கண்டதேயில்லை. அறைவாசல் திரைக்குப் பின்னால் நிற்பார், அங்கே யார் யார் நிற்கிறார்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் குரலை உயர்த்தக் கூடாது, மறுத்துக் கதைக்கக் கூடாது, இன்னொரு கோப்பை தேநீர் வேண்டுமென்றாலும் பரீதாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். என் மச்சான் நஸாரைத்தான் பொறுக்க முடியவில்லை.

நஸார் பரீதாவின் மூத்த சகோதரன், அவளுக்குக் காக்கா. குவைத்திலிருந்து சூட்கேஸ் அளவில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டியொன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் லாந்தர்ஸைப் பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் சூறாவளிக்குப் பிறகு, அக்கரைப்பற்றில். அதை வைத்துக்கொண்டு ஒருநாள் சோற்றுக்கு முன்னால் எல்லாரும் கேட்கச் சொன்னார், லாந்தர்ஸ் இந்தப் பக்கம் செய்ததிலேயே அதுதான் உச்சம் என்று. காரணம் கேட்டேன். கலர் விளக்கு என்றார்.

கலர் விளக்கு! ஒரு இசைக்குழுவை விளக்கை வைத்து அளக்கிற மனிதனோடு எனக்குக் காலம் முழுக்க ஒரே வளவில் சீவியம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் மற்ற எல்லா விசயத்திலும் என் வாயைக் கட்டியாயிற்று, இந்த ஒன்றிலாவது நான் சொல்வதுதான் சரி என்று நிறுவாவிட்டால் ஆயுளுக்கும் ஈரல் தின்கிற பொம்மையாகத்தான் இருப்பேன் என்று பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சொந்தக்காரர்கள் விருந்துக்கு வருவார்கள். அந்த அக்கரைப்பற்று நிகழ்ச்சியை அவரும் கெசட்டில் பதிந்து வைத்திருந்தார், அவருடையதையும் என்னுடையதையும் அவர் பெட்டியிலேயே போட்டுப் பார்ப்போம் என்று நஸாரிடம் மெதுவாக, மரியாதையாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சோறு முடிந்து விறாந்தையில் ஆண்கள் பாயில் இருந்தார்கள். மாமா சாய்வு நாற்காலியில். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். முதலில் நஸாரின் கெசட். கலர் விளக்கு கெசட்டில் தெரியவில்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டினேன். பாட்டுக்கு நடுவில் ஆட்கள் கச்சான் கடலை உடைக்கிற சத்தம் கேட்டது. அதையும் சுட்டிக்காட்டினேன். பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற உணர்வு எனக்கு வந்துவிட்டது. எழுந்தே நின்றுவிட்டேன்.

பிறகு என் கெசட். கடைசிப் பாட்டு தொடங்கியதும் சத்தத்தை முழுக்கக் கூட்டச் சொன்னேன். பாட்டு நடுவில் நின்றது. நான் கையை உயர்த்தினேன். இனி ஒருவரும் கதைக்கக் கூடாது, இந்த அமைதியைக் கவனிக்க வேண்டும், மெல்வின் தந்தி முறுக்குகிறார், கல்முனைச் சனம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, இசை கேட்கத் தெரிந்த ஊருக்கும் கச்சான் தின்கிற ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்றேன். விறாந்தை அடங்கியது. திரைக்குப் பின்னால் வளையலும் அடங்கியது.

அந்த அமைதிக்குள், குவைத்துப் பெட்டியின் இரண்டு ஸ்பீக்கரிலும், பக்கத்தில் நின்று சொல்வதுபோல் ஒரு குரல் கேட்டது.

"டேய் காதர், இண்டக்கி மாப்பிள்ள கேட்டு வந்தாரே அக்கரப்பத்து மனிசன், ஒரு சட்டி வட்டிலப்பத்தயும் தனிய முடிச்சிட்டுத்தான்டா கதயத் தொடங்கின."

என் குரல். என் சின்னப் பெட்டியில் மழை இரைச்சலாக இருந்தது இதுதான்.

"டேய், கதைக்காத. பதியுது," என்றது காதரின் குரல்.

"பதியட்டும்டா. அந்தாள் கேக்கவா போறாரு? மகளும் அப்பிடி எண்டா என்ட சம்பளம் முழுக்க முட்டக் கடக்கித்தான்."

பெட்டியை நிறுத்த வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது. அந்தக் குவைத்துப் பெட்டியில் எது நிறுத்துகிற பொத்தான் என்று கைக்குத் தெரியவில்லை. நான் ஒன்றை அமுக்கினேன், பக்கத்தில் காலியாக இருந்த கெசட் குழியின் மூடி திறந்தது. இன்னொன்றை அமுக்கினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நேரத்தில்தான், எல்லாருக்கும் நடுவில், மெல்வின் தொடங்கினார். முதல் சுரம் அப்படியே விறாந்தையை நிறைத்தது. எனக்கு அந்த இக்கட்டிலும் மனம் குளிர்ந்தது. இதைக் கேட்டால் மன்னித்துவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

"நஸார்," என்று திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. அந்த வீட்டில் நான் அவர் குரலைத் தெளிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "அத இன்னொருக்காப் போடு மனே."

நஸார் மெல்வினை வெட்டிவிட்டு நாடாவைப் பின்னால் சுற்றினார். வட்டிலப்பம் திரும்ப வந்தது, முட்டைக்கடை திரும்ப வந்தது. மெல்வின் திரும்பத் தொடங்குவதற்குள் மாமியின் குரல் மாமாவைக் கேட்டது.

"சீனி வருத்தம் வந்த நாளையில இரிந்து இனிப்புத் தொடல்ல எண்டு சொன்னீங்க. கல்முனைக்கிப் போன அண்டைக்கி ஒரு கரண்டிகூட வாயில வைக்கல்ல எண்டு சத்தியம் பண்ணினீங்களே?"

மாமா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை. கலியாணமாகி முதன்முதலாக என் கண்ணை நேரே பார்த்தார்.

"முழுச் சட்டி இல்ல மாப்பிள்ள," என்றார். "ஒரு துண்டு உங்கட வாப்பாவும் திண்டாரு."

அவ்வளவுதான், விறாந்தை வெடித்தது. ஒரு பெரியவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரு படையே நின்றிருக்கிறது, அப்போதுதான் தெரிந்தது. அதில் பரீதாவின் சிரிப்பும் இருந்தது. கட்டிய மனைவி! என் சம்பளத்தில் தனக்கு முட்டை வாங்குவதைப் பற்றிக் கோபிக்க வேண்டியவள்!

நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, சரி, அது போகட்டும், இனிமேல் வருகிறதைக் கேளுங்கள், அதுதான் முக்கியம் என்று கெஞ்சினேன். நஸார் போட்டார். மெல்வின் தொடங்கப் போன நேரத்தில் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நஸார் பெட்டியை அணைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பாங்கு சொல்லி முடிகிற வரைக்கும் பள்ளிப்பக்கம் தலைகாட்டாத மனிதன், அன்றைக்கு எல்லாருக்கும் முதல் இறங்கிப் போனார்.

தொழுதுவிட்டு வந்து தொடர்வோம் என்று நம்பினேன். தொடர்ந்தார்கள்தான். வர முடியாமல்போன சின்னம்மாவுக்காக ஒருமுறை, பக்கத்து வளவுக்காரர்களுக்காக ஒருமுறை, இறக்காமத்திலிருந்து வயல்காரர் வந்தபோது அவருக்காகத் தனியாக ஒருமுறை. எல்லாரும் அந்த இடம் வரைக்கும் கேட்பார்கள், சிரிப்பார்கள், சுற்றுவார்கள். கடைசியில் நாடா பெட்டிக்குள் சிக்கி அறுந்தது. எங்கே அறுந்தது? மெல்வின் தொடங்குகிற இடத்தில். நஸார் கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிக் கொடுத்தார். மெல்வினில் பாதி குப்பைக்குப் போயிற்று. என் குரலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மாமா என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து நேரே கதைக்கத் தொடங்கினார், அதுவும் என்னோடு மட்டும்தான் நிறையக் கதைத்தார். காரணம், மாமி அந்த வீட்டில் வட்டிலப்பத்தை அடியோடு நிறுத்திவிட்டார். பெருநாளைக்கும் கிடையாது. சோறு முடிந்ததும் அவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் வரும். எனக்குச் சீனி வருத்தம் இல்லையே என்று பரீதாவிடம் முறையிட்டேன். முட்டை விலை கூடிவிட்டதாம் என்றாள்.

காதர் சொன்ன ஒற்றைச் சொல்தான் எங்கள் குடும்பத்தில் நிலைத்தது. எந்தக் கலியாண வீட்டிலும், எந்தச் சபையிலும் நான் வாயைத் திறக்க, யாராவது ஒருவர் 'பதியுது' என்பார். என் பிள்ளைகள் பேசப் பழகிய காலத்திலேயே அதைச் சொல்லப் பழகினார்கள். கெசட்டே காணாத என் மருமக்கள்கூடச் சொல்கிறார்கள். நஸார் மச்சானிடம் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், சூறாவளிக்கு முந்திய கல்முனை நிகழ்ச்சி எப்படி என்று. "நல்லந்தான் மச்சான்," என்பார், "ஆனா பாட்டு ஒண்டும் ஞாபகமில்ல."

போன பெருநாளைக்குப் பிறகு எங்கள் கடைசி மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு மருதமுனைக்குப் போனோம். எனக்கும் இப்போது சீனி வருத்தம். அவர்கள் கொண்டுவந்து வைத்தது வட்டிலப்பம், ஒரு முழுச் சட்டி, பக்கத்தில் வாழைப்பழச் சீப்பு. அறைக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. உள்ளே மெல்லிய சத்தத்தில் கிட்டார் வாசிப்பது கேட்டது, ஸ்டூடியோவில் பதிந்தது போல இல்லை, எங்கோ மேடையில் வாசித்ததைக் கெசட்டில் பதிந்தது போல இருந்தது. தம்பி, அது எந்த வருடத்து நிகழ்ச்சி என்று கேட்க வாயெடுத்தேன். என் ஒரு கை வட்டிலப்பக் கரண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பரீதா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பதியுது," என்றாள்.

நான் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டேன்.