மூன்றாம் முறை கேட்காத சகலையும் மாடி ஏறாத வைஃபையும்

வடக்கு மினசோட்டா,
மார்ச் 12, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சகலை டொமினிக் பரெசிக்கு,

உன் மனைவி ஹைடியின் அக்காள் கணவன் லோரன் ஸ்டென்ருட் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் பூனையும். அங்கே நலமா என்று முறைப்படி நான் கேட்க வேண்டும். ஆனால் என் மனைவி கிரெட்சன் தினமும் காலை எட்டு மணிக்கு உன் வீட்டுக்கு வந்து, இரவு ஏழு மணிக்குத் திரும்பி, உங்கள் நலத்தை அரை மணி நேரம் விவரித்துவிடுவதால் எனக்கு ஆவல் எதுவும் மிச்சமில்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நம் பக்கம் செல்போன் கோபுரம் கிடையாது, என் வீட்டுப் போன் வைஃபை வழியாகத்தான் பேசும். ஆகவே காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில், நன்றி நவிலல் விருந்தன்று, என் மேஜையில், என் வான்கோழியைத் தின்றுகொண்டு நீ என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "சகலை, அடித்தளத்துலேருந்து மாடிக்கு நானே ஒரு கேபிள் இழுத்துக் குடுத்துடறேன், ரெண்டு நாள் வேலை" என்றாய். "உனக்கு எதுக்குச் சிரமம், நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றேன். "சிரமம் என்ன இருக்கு, வரட்டுமா?" என்றாய். "வேண்டாம்பா, பரவாயில்ல" என்றேன். உடனே நீ "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பூசணிப் பை பலகாரத்தில் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாய். அதையும் கிரெட்சன் ஒரு முறை கேட்டதுமே எடுத்துக்கொண்டாய். பிலடெல்ஃபியாவிலிருந்து நீ இங்கே வந்து பத்தொன்பது வருஷமாகிறது. இந்த ஊரில் ஒரு மனிதன் இரண்டு முறை வேண்டாமென்பான், மூன்றாம் முறை "அப்படி நீ வற்புறுத்தினால்" என்பான். பனியில் கார் கவிழ்ந்து கிடப்பவனைத் தூக்கப் போனாலும் இதே முறைதான். மூன்றாம் முறை கேட்காதவன் ஒரு முறையும் கேட்காதவனுக்குச் சமம். நான் வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். நீ அதற்குள் கிரீம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். இன்றைக்கு என் குடும்பம் இருக்கும் நிலைமைக்கு அந்தப் பூசணிப் பைதான் காரணம்.

என் வீட்டை உனக்குத் தெரியும். மூன்று தளம், ஏழு படுக்கையறை, 1915-இல் ஒரு மரவியாபாரி தன் அண்ணன்மேல் இருந்த பொறாமையில் கட்டியது. சாந்து உதிராமலிருக்க ஒவ்வொரு சுவருக்குள்ளும் இரும்பு வலை வைத்திருக்கிறான், படுபாவி. அந்த வலையைத் தாண்டி வைஃபை போவது பாவி சொர்க்கத்துக்குப் போவது மாதிரி. இதற்குள் அலை தேடி அலையும் சாதனங்கள் நாற்பத்து மூன்று. அவற்றில் பதினொன்று நீ கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டுவந்து கொடுத்தவை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நான் ஏறி நின்றால் என் எடையைக் கிரெட்சனின் போனுக்குக் கோள்மூட்டும் தராசு நீ கொடுத்தது. மணி பார்த்துப் பூனைக்குச் சோறு போடும் பெட்டி நீ கொடுத்தது. அலை போனால் அந்தப் பெட்டி திறக்காது, பூனை விடியற்காலை என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து என்னையே பார்க்கும். உனக்குக் காலுறை கொடுத்தேன் நான். காலுறைக்குச் சிக்னல் வேண்டாம்.

நீ கேட்காமல் விட்டதால் நானே கருவி தேர்ந்தெடுக்கும்படி ஆயிற்று. மூன்று வாரம் படித்தேன். கோடு போட்டு அட்டவணை எழுதினேன். டிசம்பரில் எட்டுக் கொம்பு வைத்த ரவுட்டர் ஒன்று வாங்கினேன், மல்லாக்கப் போட்ட சிலந்தி மாதிரி இருக்கும், அரண்மனைக்கே போதும் என்று அட்டையில் எழுதியிருந்தது. இணைய வயர் வந்து சேரும் அடித்தளத்து அறையில் வைத்தேன், அலை சமையலறை வரை வந்தது, மாடிப்படியில் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு அலையை வாங்கித் திருப்பி வீசும் செருகுப் பெட்டிகள் இரண்டு. அவை வாங்கிய அலையில் பாதியைத் தாங்களே தின்றுவிட்டன. கடைக்காரரிடம் கேட்டேன், வீட்டில் எத்தனை பேர் என்றார், இரண்டு பேரும் நாற்பத்து மூன்று சாதனமும் என்றேன், அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். என்னை விட்டுவிட்டு உடற்பயிற்சி வாத்தியாரை உதவித் தலைமையாசிரியர் ஆக்கிய பள்ளியில் இருபத்தேழு வருஷமாக வரலாறு நடத்துகிறேன், அவமானம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அனுதாபம் தாங்காது.

அப்புறம்தான் ஜனவரியில், தேவாலயத்து அடித்தளத்தில், இறைச்சிமேல் உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷுக்கு வரிசையில் நிற்கும்போது, நீ வாயைத் திறந்தாய். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மூன்று பெட்டி வகை வாங்கச் சொன்னாய். அடித்தளத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கிரெட்சனின் மாடி அறையில் ஒன்று, உங்க வீட்டுக்கு மூணு போதும் சகலை என்றாய். போதும் என்றவன் நீ. வாங்கினேன். ஒன்று அடித்தளத்தில் இருக்கிறது, ஒன்று சமையலறையில் இருக்கிறது, மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இருந்தும் மாடிக்கு அலை ஏறவில்லை. இது உன் ஆலோசனையின் தரம்.

கிரெட்சனுக்கு வேலை என்ன? திக்குவாய்க் குழந்தைகளுக்கும் நாக்குத் திரும்பாத குழந்தைகளுக்கும் திரையில் முகம் காட்டிப் பேச்சுப் பழக்குவது. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி சாயங்கால வகுப்பில், ஒரு குழந்தைக்கு நாக்கை எங்கே வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தபோது படம் உறைந்துவிட்டது. நாலு நிமிஷம் அந்தக் குழந்தையின் அப்பா அம்மா, பள்ளி நிர்வாகி ஒருவர், எல்லோருக்கும் முன்னால் என் மனைவி நாக்கை நீட்டியபடி நின்றாள். வகுப்பு முடிந்ததும் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, "ஹைடி வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வரேன்" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் அரை நாளாயிற்று. அரை நாள் முழு நாளாயிற்று. மதியம் உன் வீட்டில் சாப்பாடு. மிளகே காரம் என்று முப்பது வருஷம் சொன்னவள், இப்போது பூண்டு மணக்க வீட்டுக்குள் நுழைகிறாள். போன வாரம் எங்கள் வீட்டில் நான் செய்த ஹாட்டிஷைச் சாப்பிட்டுவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றாள். நம் ஊரில் அதற்கு வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம், உனக்கு இப்போதாவது தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை கட்டிலடியில் பார்த்தேன், அவளுடைய வீட்டுச் செருப்பைக் காணோம். ஒருத்தி காலணி போட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகலாம், வரலாம். வீட்டுச் செருப்பை எடுத்துக்கொண்டு போனால் அது வேறு விஷயம். கேட்டேன். "உங்க வைஃபை மாடி ஏறட்டும், நானும் ஏறி வரேன். அதுவரைக்கும் வாரநாள்ல ஹைடி வீட்டு மூணாவது ரூம்லயே தங்கிக்கறேன். ஞாயித்துக்கிழமை என் வேலை மேஜையை எடுத்துட்டுப் போக டொமினிக் வண்டி கொண்டு வரேன்னுச்சு" என்றாள். ஒரு முறைதான் கேட்டாயாம். அவள் உடனே சரி என்றாளாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் ஒரே முறையில் சரி சொல்கிறாள் என்றால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஆகவே இதன் மூலம் தெரிவிப்பது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை உன் வண்டி என் வாசலில் நிற்கக் கூடாது. உன் ஆலோசனை வேண்டாம், உன் கேபிள் வேண்டாம், உன் பரிதாபமும் வேண்டாம். இது என் வீடு, என் சுவர், என் வைஃபை. நானே சரிசெய்வேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குச் செருகுமுனை உள்ள எதையும் என் வீட்டுக்குள் கொண்டுவராதே.

ஹைடிக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், உன் வீட்டு வைஃபைக்கு அற்பாயுளையும் அருள்வாராக.

இப்படிக்கு,
மூன்றாம் முறைக்காக இன்னும் காத்திருக்கும் மூத்த சகலை,
லோரன் ஸ்டென்ருட்

பின்குறிப்பு: இதை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை. வீட்டுக்குப் பின்னால் உறைந்த ஏரியின்மேல் நிற்கும் என் மீன்பிடிக் குடிலிலிருந்து எழுதுகிறேன். மூன்றாவது பெட்டி இங்கேதான் இருக்கிறது. பேட்டரியில் ஓடுகிறது. ஜனவரியிலிருந்தே இங்கேதான். ஹாக்கி பார்க்கக் கொண்டுவந்தேன், ஒரு ஆட்டத்துக்கு மட்டும் என்று. சமையலறை ஜன்னலைத் தாண்டி வெட்டவெளியில் அலை முயல் மாதிரி ஓடிவருகிறது, சகலை, சுவரே இல்லை. கிரெட்சன் அறையில் பச்சையாக மினுக்கிக்கொண்டிருப்பது பழைய செருகுப் பெட்டி, விளக்கு மட்டும் எரியும். அவள் நாக்கை நீட்டியபடி நின்ற அந்த நாலு நிமிஷமும் நான் இங்கே தெள்ளத் தெளிவாக ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எடுத்துப்போய் அவள் அறையில் வைத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பாள். அதனால் வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வைக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் குடிலை ஏரியிலிருந்து அகற்றச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு முன்னால் வெயில் வந்துவிட்டது. இடதுபக்க மூலை ஒரு சாண் இறங்கியிருக்கிறது, நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை எழுதி முடித்ததும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரைக்கு நடக்கிறேன். குடிலை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். மாடிக்குக் கேபிளும் வேண்டும், பெட்டி போய்ச் சேர்ந்தாலும் அந்தச் சுவரை நான் நம்பவில்லை.

நீ கேட்டது இரண்டு முறை. மூன்றாவதை நானே கேட்டுக்கொள்கிறேன், பதிலையும் நானே சொல்கிறேன்: சரி. சனிக்கிழமை வா. கயிறும் கேபிளும் கொண்டு வா. இந்தக் கடிதத்தை நாளைக் காலை கிரெட்சனிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.

வரும்போது அவள் செருப்பையும் எடுத்து வா. பழுப்பு நிறம், உள்ளே ஆட்டு ரோமம் வைத்தது. உன் வீட்டில் எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது.