கிராஃப் கால்குலேட்டரும் ஒரு நேர்கோடும்

புதுக் கருவி ஒன்று கையில் கிடைத்த டீச்சரைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. நானே அப்படி ஒரு பிராணியாக இருந்தவள் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் தாளாளர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கிராஃப் கால்குலேட்டர்கள் நாலைந்து என்னிடம் இருந்தன. (எண்களைத் தட்டினால் திரையில் படமே வரைந்து காட்டும். விட்டால் நான் ராக்கெட்டே விட்டுவிடுவேன் என்ற நினைப்பு.)

பாடம், திட்டவிலக்கம், அதாவது எண்களின் ஏற்ற இறக்கத்தை அளப்பது. பிள்ளைகளுக்குப் பிடித்தது கிரிக்கெட். தாளாளருக்குச் சொந்தமான பீங்கான் கம்பெனியில் ஒரு டீம் உண்டு, ஞாயிறுதோறும் ஆடும். என் வகுப்பு கௌசல்யாவின் அப்பா அதில் விக்கெட் கீப்பர். அவரிடம் ரன் விவரங்களைக் கேட்டு வரச் சொன்னேன். கம்பெனி டீமை வைத்துப் பாடம் நடத்தினால் தாளாளர் மனம் குளிராதா? பெயர்கள் வேண்டாம், அ, ஆ, இ என்று போட்டால் போதும் என்றும் சொல்லியிருந்தேன். (அறிவியல்பூர்வமாம்.)

தாளாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் எண்களைத் தட்டினார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரின் கோடும் மேடும் பள்ளமுமாகப் போனது. 'ஊ' என்பவரின் கோடு மட்டும் திரையின் அடியோடு ஒட்டி நேராக ஓடியது. திட்டவிலக்கம் சைபர். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தீங்களா? இவருதான் நம்பகமான ஆட்டக்காரர். ஏத்த இறக்கமே இல்ல. நான் கேப்டனா இருந்தா இவரைத்தான் மொதல்ல எறக்குவேன்."

கௌசல்யா எழுந்தாள். "மிஸ், ஆனா சராசரி..."

"சராசரி நாளைக்கு." (பாடக்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.)

"அதில்ல மிஸ். அவரு எல்லா மேட்சுலயும் முட்டைதான். மொதல் ஆளா எறங்கி மொத ஓவர்லயே திரும்பி வந்துடுவாருன்னு அப்பா சொன்னாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சனியன், அதோடு விட்டிருக்கலாம்.

"அப்படிப்பட்டவரை எதுக்கு டீம்ல வெச்சிருக்காங்க? ஓனரோட மச்சானா?"

கௌசல்யா கடைசி பெஞ்சைப் பார்த்தாள். தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"மச்சான் இல்லைங்க மிஸ். ஓனரேதான்" என்றார்.

மீதி வகுப்பை எப்படி முடித்தேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதேன். வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பம்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

"எங்க ஆளுங்க ஒருத்தரும் இத எங்கிட்ட சொன்னதில்லைங்க. எல்லாரும் சம்பளம் வாங்குறவங்க, எப்படி சொல்வாங்க? நீங்க இங்கயே இருங்க. ஆனா ஞாயித்துக்கெழம அந்த மிஷினோட கிரவுண்டுக்கு வந்துடணும்."

வேலை நிரந்தரமானது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது. முதல் காரியமாக அவரைப் பதினோராவது ஆளாக இறக்கினேன். டீம் இப்போது அவ்வப்போது ஜெயிக்கிறது. (அவர் முறை வருவதற்குள் பெரும்பாலும் ஓவர் தீர்ந்துவிடும்.)

வீட்டில்தான் தப்பிக்க வழியில்லை. "என் சாம்பார் ருசி என்னைக்காவது மாறியிருக்குதா?" என்று நான் பெருமையாகக் கேட்டால், என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்:

"மாறினதே இல்ல. தாளாளர் பேட்டிங் மாதிரி."