எந்தப் பெயரும் தேறாத காலைப்பொழுது

ஒழுங்கை நிலைநாட்டப் புறப்படுபவன், முதலில் தான் வகுத்த விதியைத்தான் ஐயுற வேண்டும். இவ்வுண்மை எனக்குக் காசிமேட்டில், கவிழ்த்துப்போட்ட பனிக்கட்டிப் பெட்டியின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்ற ஒரு விடியலில் விளங்கிற்று.

அப்போது இராயபுரத்துச் சிறு மென்பொருள் நிறுவனமொன்றில் நான் மூத்த நிரலாளன். மீன் ஏலத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். இளையோர் நிரலுக்குள் விலை, எடை என எதற்கெடுத்தாலும் ‘எக்ஸ்’, ‘கே’ என்று ஆங்கில ஓரெழுத்தில் பெயர் சூட்டுவது என் நெஞ்சைப் புண்படுத்திற்று. (பெயரா அது? பல்லிடுக்கில் சிக்கிய முள்!) ஆகவே, நிரலைச் சோதித்து உள்ளே விடும் கருவியில் முதல்நாள் மாலை ஒரு விதி சேர்த்தேன்: ஓரெழுத்துப் பெயரைக் கண்டால் வழிமறி. எக்ஸை மறித்தது, கேயை மறித்தது. பெருமிதத்துடன் உறங்கினேன். நல்ல பெயரொன்றை உள்ளே விடுகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் படகு உரிமையாளர் தேசிங்கு முதன்முறையாகத் தம் மீன்களைச் செயலியில் விற்பனைக்கு ஏற்றினார். ஏற்றியதுமே கூவினார்: “இன்னா நைனா இது! வஞ்சிரத்த மத்தி வெலைக்குக் காட்டிகினு கீது! ஆளுங்க வாங்கிகினே கீறாங்க!”

உடன் வந்திருந்த இளம் நிரலாளர் பாத்திமா ஒற்றை வரியில் பிழையைத் திருத்தி அனுப்பினார். என் கருவி மறித்தது.

“சார், ‘ஃபிஷ்ப்ரைஸ்’னு நீளமாத்தானே பேர் வச்சிருக்கேன்? அதையும் ஓரெழுத்துங்குது. இப்போதைக்கு உங்க விதியைத் தூக்கிடலாமா?”

“தூக்குவதா? விதி தவறாது அம்மா. உன் நிரலை மீண்டும் நோக்கு.”

“அது நோக்கிகினு இருக்கட்டும், என் மீனு போவுதுப்பா!” என்றார் தேசிங்கு.

குனிந்து பார்த்தபோதுதான் என் பிழை தெரிந்தது. ‘ஓர் எழுத்து’ என்று தேடச் சொன்னேனேயொழிய, அதன் முன்னும் பின்னும், பெயரின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் நங்கூரக் குறி இடவில்லை. இரண்டும் இருந்தால்தான் ‘பெயர் முழுவதுமே அவ்வோர் எழுத்து’ என்று பொருள்படும். இல்லாவிடில், பெயருக்குள் எங்கேனும் ஓர் எழுத்து இருந்தாலே கருவி பாய்ந்து பிடிக்கும். எழுத்தே இல்லாத பெயர் எங்கே உண்டு?

பதற்றத்தில் முன்பக்கம் மட்டும் நங்கூரமிட்டேன். (அப்போதும் புத்தி வரல பாருங்க.) எழுத்தில் தொடங்கும் பெயர்களையெல்லாம் மறித்தது, அதாவது, மறுபடியும் எல்லாவற்றையும்.

“கடைசிலயும் போடுங்க சார்!” என்று பாத்திமா குறுக்கே கைநீட்டித் தாமே அழுத்தினார். திருத்தம் ஏறிற்று. அதற்குள் பாதி வஞ்சிரம் மத்தி விலைக்குப் போயிருந்தது.

விற்றுப்போனதைத் தேசிங்கு திருப்பிக் கேட்கவில்லை. கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, மீதியைத் தம் தொண்டையாலேயே ஏலம் விட்டார். “உன்ன நம்புனா அடுத்து என் போட்டயும் மத்தி வெலைக்கு வித்துடுவ சார் நீ!”

அந்நிறுவனம் இன்று பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடி மாளிகையொன்றில் இருக்கிறது. பாத்திமா அதன் தலைவர்களுள் ஒருவர். எனக்கோ, பனிக்கட்டி உருகி ஓடிய அந்தத் தரையும் தேசிங்கின் கூச்சலும்தான் இன்னும் கனவில் வருகின்றன.

அந்த ஏக்கத்தில் கதையை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். பேத்தி பிறந்தாள். தூய தமிழில் பெயர்கள் திரட்டிவந்து தொட்டிலருகே தொண்டையைச் செருமினேன். என் துணைவியார் மருமகனை முந்திக்கொண்டு எச்சரித்தார்: “மாமாகிட்ட மட்டும் கேக்காதீங்க மாப்ளே. அவர்கிட்ட எந்தப் பேரும் தேறாது. குழந்தை பேரில்லாமலே பள்ளிக்கூடம் போவும்!”

மருமகனே பெயரிட்டார். பின்னர் வீட்டுக்கு ஒரு பூனை வந்தது. அதற்குப் பெயர் வைக்கையிலும் என்னைச் சற்று வெளியே நிற்கச் சொன்னார்கள்.