பெண்ணின் அப்பா பேசுவார்

"அடுத்து, பெண்ணின் அப்பா சில வார்த்தைகள் பேசுவார்" என்று அறிவித்துவிட்டு, மைக் மாமா கூட்டத்தைத் துழாவினார். ஒருவரும் எழுந்து வரவில்லை. அப்புறம்தான், அந்த அப்பா தாம்தான் என்பது உறைத்தது.

அந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாண வரவேற்பானாலும் மேடையை நடத்துவது அவர்தான். ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு போய்விட, மாமா பேசிய பேச்சில் கூட்டம் பசியையே மறந்து, 'சாப்பாடு பிரமாதம்' என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியது. ஏப்பம் விட்டவர்களும் உண்டு.

வெளியில் தெரியாத இன்னொரு வித்தையும் அவரிடம் இருந்தது. பேச வந்தவர் யாராவது தொண்டை அடைத்து நின்றால், மாமா தம் இடது காதைப் பிடித்து இழுப்பார். சவுண்டுக்காரர் உடனே மைக்கை நிறுத்திவிடுவார். பழி மைக்கின்மேல் போகும். மனுஷன் மானம் தப்பும்.

இந்த ஒரு கல்யாணத்துக்காவது வேறு ஆளை வைக்கச் சொல்லி மனைவி மன்றாடிப் பார்த்தார். "எம்பொண்ணு கல்யாணத்துல இன்னொருத்தன் மைக்கைத் தொடுறதா?" என்றுவிட்டார் மாமா. சின்ன வயதில் அவரோடு கல்யாணம் கல்யாணமாக அலைந்து, ஸ்பீக்கர் பெட்டிமேல் தூங்கி வளர்ந்த மகள் சிரித்ததோடு சரி.

இப்போது அந்த மகளைப் பார்த்தார். சொல்ல வைத்திருந்ததெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. சமாளிக்க மைத்துனரைக் கூப்பிட்டார். அவர் தம் மூட்டுவலியைப் பற்றி விரிவாகப் பேசினார். அதை மறக்கடிக்க மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கூப்பிட்டார். அவர் பாடினார். பாட்டை நிறுத்தச் சம்பந்தியைக் கூப்பிட்டார். அவரோ, பெண்ணைப் பெற்றவர் பேசுவதுதான் அழகு என்று மைக்கை மாமா கையிலேயே திணித்துவிட்டார்.

கூப்பிட இனி ஆள் இல்லை.

"என் பொண்ணு..." என்றார். அதற்குமேல் காற்றுதான் வந்தது. மைக் மாமாவுக்கே பேச்சு வரவில்லை என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். காதை இழுக்கலாமென்றால் ஒரு கையில் மைக். மறு கையைச் சம்பந்தி ஆதரவாகப் பற்றிக்கொண்டிருந்தார்.

நெஞ்சிலிருந்து ஒரு விம்மல் கிளம்பிய நொடியில் மைக் செத்தது.

மாமா சுதாரித்துக்கொண்டார். கையை விடுவித்து வீசி, உதட்டை அசைத்து, கண்ணைத் துடைத்து, சத்தமே இல்லாமல் ஒரு முழுப் பேச்சுப் பேசி முடித்தார். எவ்வளவு நல்ல பேச்சு, இந்தப் பாழாய்ப்போன மைக் கெடுத்துவிட்டதே என்று முன்வரிசை உச்சுக்கொட்டியது. கைதட்டல் ஓய வெகுநேரமானது.

இறங்கியதும் நேரே சவுண்டுக்காரரிடம் போனார்.

"நான் காதைத் தொடவே இல்லையேப்பா. என்னத்தப் பார்த்து நிறுத்துன?"

சவுண்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க காதை யாருண்ணே பார்த்தா? உங்க பின்னாடி, கம்மலோட காதே பிஞ்சுடுற மாதிரி இழுத்துக்கிட்டு நின்னுச்சே, கல்யாணப் பொண்ணு."