சகலையின் அறுபது மீன்கள்

தட்டின் பதினேழாம் குழியைப் பார்த்ததும் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் எரிந்தது.

குழிக்குள் கிடந்தது இரண்டு நாள் வயதான மீன் கரு. தசை செல்கள் பச்சையாக ஒளிரும்படி வளர்க்கப்பட்ட இனம். துடுப்புக்குத் தசையாக வேண்டிய செல்கள் முதுகெலும்பின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து ஊர்ந்துபோய்த் துடுப்பில் குடியேற வேண்டும். 'கிளம்பு' என்று அவற்றுக்கு உத்தரவு போடும் மரபணு எது என்பதுதான் அந்த ஆய்வகத்தின் எட்டு வருடக் கேள்வி. இந்தக் கருவில் ஒரு மரபணுவை ஊசி போட்டுக் கெடுத்திருந்தார்கள். விளைவு, ஒரு செல்கூடக் கிளம்பவில்லை. பிறந்த இடத்திலேயே கூட்டமாக உட்கார்ந்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு மாடியைவிட்டு நகராத பெரிய மாப்பிள்ளைக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

அந்த மாமனார்தான் ஆய்வகத் தலைவர். அடுத்த மாதம் ஓய்வு. உத்தரவு போடுவது இந்த மரபணு என்று பெரிய மாப்பிள்ளை சொன்னார். இரண்டாவது மகளைக் கட்டிய சகலை வேறொன்றைச் சொன்னார். யார் சொல்வது நிஜமோ அவருக்குத் தலைவர் நாற்காலி என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒருவருடைய கருக்களை மற்றவர் எண்ண வேண்டும். தட்டுக்கு அறுபது குழி. பாதிக்கு ஊசி போட்டது, பாதிக்குப் போடாதது. எது எது என்பது தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டியம்மாவின் நோட்டில் மட்டும் இருக்கும். இந்தத் தடவை ஊசி போட்டதும் அவள்தான்.

காலையில் மனைவி வேறு ஏற்றிவிட்டு அனுப்பியிருந்தாள்.

"அப்பா நாற்காலிக்கு என் தங்கச்சி இப்பவே புது உறை தைக்கக் கொடுத்துட்டா. நீங்க என்னடான்னா இன்னும் சட்டைக்கு பட்டன் தேடிட்டு இருக்கீங்க."

எட்டு வருடத்தில் பெரிய மாப்பிள்ளையின் மீன்களில் செல்கள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது போல ஒரே ஒரு முறை தோன்றியது. அன்று அவர் கண்ணில் தூசி. வந்து மூன்று வருடம்கூட ஆகாத சகலைக்கோ, தட்டு முழுக்கப் பார்த்தாயிற்று, முப்பது கருவில் முப்பதும் நகரவில்லை! கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அவனை முதல் நாளே அவர் கணித்திருந்தார்.

பென்சிலை எடுத்தார். பதினேழுக்கு நேராக, 'துடுப்பில் வந்து சேர்ந்தது' என்று எழுதினார். எழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மீதியையும் அப்படியே எழுதி முடித்தார்.

முடித்த பிறகுதான் உறைத்தது. அறுபதுக்கு அறுபது ஒழுங்காக இருந்தால் எந்த மாமனார் நம்புவார்? உலகத்தில் எதுதான் அறுபதுக்கு அறுபது ஒழுங்கு? ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது இடத்தில் விரலை வைத்து, அவற்றை மட்டும் 'சேரவில்லை' என்று திருத்தினார். இப்போது பார்க்க இயற்கையாக இருந்தது.

தாளின் கடைசிப் பத்தியை அப்போதுதான் கவனித்தார். 'புகைப்படம்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. படம் பிடித்தால் பூசணிக்காய் சோற்றுக்கு மேலே வந்துவிடும். நான்காம் குழியில் நல்ல பிள்ளையாக வளர்ந்திருந்த ஒரு கருவைத் தேர்ந்தெடுத்து, நேராக, சாய்வாக, குப்புற என்று ஐம்பத்தொரு படம் பிடித்தார். நாற்பதாவது படத்தில் கரு வாலை ஓங்கி உதறியது. மீதி ஒன்பதுக்கு நகராத கரு ஒன்றைப் பிடித்தார். அந்த ஒன்பது படங்களும்தான் உண்மையில் அழகாக வந்தன. அதற்கும் வயிறு எரிந்தது.

கதவு திறந்தது. மாமனார்.

"என்ன மாப்பிள்ளை, சின்னவர் மீன் எப்படி இருக்கு? ஒண்ணு ரெண்டு காட்டுங்க பார்ப்போம்."

"கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு மாமா. துடைச்சு வைக்கிறேன். பத்து நிமிஷம்."

"சரி, டீ குடிச்சிட்டு வரேன். நீங்க ஏன் இப்படி வேர்த்திருக்கீங்க?"

"மீனுக்காக ரூமைச் சூடா வெச்சிருக்கேன் மாமா."

மாமனார் போனதும் பெரிய மாப்பிள்ளை தட்டைத் தூக்கித் தொட்டிக்குழாயின் கீழே கவிழ்த்தார். அறுபதும் சாக்கடையில் போயின. கரு வளர்க்கும் சூட்டுப்பெட்டியிலிருந்து, ஊசியே காணாத அதே இனத்துச் சாதாரணக் கருக்களை எடுத்து, குழிக்கு ஒன்றாக நிரப்பினார். இப்போது புதிதாக ஒரு தொல்லை. தாளில் 'சேரவில்லை' என்றிருந்த ஒன்பதும் தட்டில் சேர்ந்திருந்தன. அந்த ஒன்பதை அழித்து, படங்களையும் மாற்றினார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அறுபதுக்கு அறுபது என்ற பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

மாமனார் வந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, பத்து என்று பார்த்துக்கொண்டே போனார்.

"எல்லாமே வந்து சேர்ந்திருக்கே. பாவம், சின்னவர் ரொம்ப நம்பிக்கிட்டு இருந்தார்."

"எனக்கும் மனசு கேக்கல மாமா," என்றார் பெரிய மாப்பிள்ளை. அவர் அன்று சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

மூன்று மணிக்குக் கூட்டம். சகலை முதலில் எழுந்தார். முகம் வாடியிருந்தது.

"நான் எண்ணின தட்டுல அறுபதும் வந்து சேர்ந்திருக்கு மாமா. மரபணுவைக் கெடுத்தும் ஒண்ணும் ஆகல."

பெரிய மாப்பிள்ளைக்கு இது புதிதல்ல. எட்டு வருடப் பழக்கம். அவரும் தன் தாளை நீட்டினார்.

"நான் எண்ணினதும் அப்படித்தான் மாமா. அறுபதும் சேர்ந்திருக்கு."

சகலை திடுக்கிட்டுத் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏமாற்றம் என்று பெரிய மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

"அப்போ ரெண்டு மரபணுவும் இல்ல. வெளியில இருந்துதான் தலைவரைக் கொண்டுவரணும்," என்று மாமனார் பெருமூச்சு விட்டார்.

பெரிய மாப்பிள்ளையின் வயிறு அன்று முதன்முறையாகக் குளிர்ந்தது. நாற்காலி தனக்கில்லை. பரவாயில்லை. சகலைக்கும் இல்லை. புது உறையை என்ன செய்வார்களாம்? இந்த நிம்மதிக்கு முன்னால் தலைவர் பதவி எந்த மூலைக்கு!

தொட்டியம்மா நோட்டை மார்போடு அணைத்தபடி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"ஐயா, பெரிய சார் எண்ணினது அவரோட மீனையேதான். காலையில சின்ன சார் ரெண்டு தட்டையும் பார்த்துட்டு, 'அண்ணன் ஜெயிச்சுட்டார்மா, இதை நான் எண்ணினா பொறாமையில ஏதாச்சும் மாத்தி எழுதித் தொலைச்சிடுவேன், அவர் மீனை அவரே எண்ணட்டும்'னு சொல்லி, தட்டை மாத்தி வைக்கச் சொன்னாருங்க."